க்யூஜிஐஎஸ்ல கவரேஜ் ஹீட்மேப்: சென்னை பஸ் ஸ்டாப் டேட்டாவ வச்சு முழுமையான வழிகாட்டி

க்யூஜிஐஎஸ்ங்கிற இலவச மேப் சாஃப்ட்வேர்ல ஹீட்மேப், அதாவது எது எங்க நெருக்கமா இருக்குன்னு நிறத்துல காட்டுற மேப், போடுறது ரெண்டு கிளிக் வேலைதான், ஆனா போட்ட மேப் எதையாவது உண்மையா சொல்லுதான்னு பாத்தா பத்துல எட்டு பேரோடது சொல்லாது. புதுசா கத்துக்க வர்றவங்க பக்கத்துல உக்காந்து பாத்ததுல, தப்பு எப்பவும் அதே அஞ்சாறு இடத்துலதான் நடக்குது, அதுலயும் பாதி ஸ்டெப்ப முன்ன பின்ன மாத்தி செய்யறதால வர்றது. அதனால கீழ இருக்கிற வரிசையிலயே போங்க. உதாரணத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல (சுருக்கமா ஓஎஸ்எம், ஜனங்களே சேந்து வரையற இலவச மேப்) இருக்கிற சென்னை பஸ் ஸ்டாப் டேட்டாவ எடுத்துக்கறேன், நீங்க மெடிக்கல் ஷாப், குடிதண்ணி குழாய், ஸ்கூல்னு எத எடுத்தாலும் வேலை இதேதான்.

1. மொதல்ல கேள்விய ஒரு வரியில எழுதுங்க

சாஃப்ட்வேர தொறக்கறதுக்கு முன்னாடியே இத செய்யணும். "பஸ் ஸ்டாப் எங்க நிறைய இருக்கு" ஒரு கேள்வி. "ஓஎஸ்எம்ல பஸ் ஸ்டாப் எங்க இன்னும் ஏறல" வேற கேள்வி. "ஏறின ஸ்டாப்புல எதுக்கெல்லாம் தமிழ்ப் பேர் இருக்கு" மூணாவது. மூணுக்கும் டேட்டா ஒண்ணுதான், ஆனா ரேடியஸ், கலர், எத எதால வகுக்கணும்ங்கிறது எல்லாமே மாறும்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கற கேள்வி: ஒரு எடத்துல நின்னா, சுத்தி 500 மீட்டருக்குள்ள ஓஎஸ்எம்ல எத்தன ஸ்டாப் பதிவாகி இருக்கு? 500 மீட்டர் ஏன்னா அது ஆறு ஏழு நிமிஷ நடை, வெயில்ல அதுக்கு மேல நடக்கச் சொன்னா யாரும் அத "பக்கத்துல" ன்னு சொல்ல மாட்டாங்க.

2. கையில இருக்க வேண்டியது

க்யூஜிஐஎஸ் 3 வரிசையில ஓரளவு புது வெர்ஷன், அதுக்குள்ள ஓஎஸ்எம் டேட்டாவ எறக்கற க்விக்ஓஎஸ்எம் ப்ளகின், நெட் கனெக்ஷன், தனியா ஒரு ஃபோல்டர். அவ்வளவுதான். சேவ் பண்றப்ப ஷேப்ஃபைல் வேண்டாம், ஜியோபேக்கேஜ்ல சேவ் பண்ணுங்க, ஏன்னா ஷேப்ஃபைல் டேபிள்ல இருக்கிற காலம் பேர 10 எழுத்தோட வெட்டிடும், ஓஎஸ்எம் டேக் (ஒவ்வொரு எடத்துக்கும் ஒட்டற கீ, வேல்யூ குறிப்பு) பேருங்க பலதும் அதவிட நீளம், வெட்டினப்புறம் எது எதுன்னு தெரியாம முழிக்கணும்.

இன்னொண்ணு, க்விக்ஓஎஸ்எம் எறக்குற லேயர் சும்மா விட்டா தற்காலிக லேயராத்தான் வரும். லேயர் பேர் பக்கத்துல சின்னதா ஒரு சிப் மாதிரி ஐகான் தெரியும், அது தெரிஞ்சா க்யூஜிஐஎஸ்ஸ மூடினதும் டேட்டா போயிடும்னு அர்த்தம். ரெண்டு மணி நேரம் சுத்தம் பண்ணின டேட்டாவ இப்படி தொலைச்சுட்டு நின்னவங்கள பாத்திருக்கேன், அதனால எறக்கின உடனே சேவ்.

3. எல்லைய எடுங்க, பரப்பளவ சரி பாருங்க

பாயிண்ட்டுக்கு, அதாவது ஸ்டாப் புள்ளிங்களுக்கு, முன்னாடி எல்லை. பெரும்பாலானவங்க தலைகீழா செய்யறாங்க, பாயிண்ட்ட எறக்கிட்டு அப்புறமா எல்லைய தேடுறாங்க, அதுல வர்ற பிரச்சினைய 5ல சொல்றேன்.

க்விக்ஓஎஸ்எம்ல ஊர் பேர மட்டும் குடுத்து தேடினா எது மாட்டும்னு சொல்ல முடியாது. அதனால எல்லை கைக்கு வந்ததும் அதோட பரப்பளவ பாருங்க. பெருநகர சென்னை மாநகராட்சி 2011ல விரிவாக்கினப்புறம் 426 சதுர கிலோமீட்டர், 15 மண்டலம், 200 வார்டு. உங்க பாலிகன் (எல்லைய வரைஞ்ச மூடின வடிவம்) 426 பக்கத்துல வந்தா சரி. 174 பக்கத்துல வந்தா அது விரிவாக்கத்துக்கு முந்தின பழைய எல்லை, அம்பத்தூர், ஆலந்தூர், சோழிங்கநல்லூர், திருவொற்றியூர் எதுவுமே உள்ள இருக்காது. ஃபீல்ட் கால்குலேட்டர்ல ஏரியா கணக்கு போட ஒரு நிமிஷம் கூட ஆகாது.

4. மீட்டர் கணக்குக்கு மாத்துங்க

ஓஎஸ்எம் டேட்டா வர்றது அட்சரேகை தீர்க்கரேகைல, ஈபிஎஸ்ஜி 4326 (ஈபிஎஸ்ஜிங்கறது ஒவ்வொரு அளவு முறைக்கும் குடுத்திருக்கற நம்பர்). அதுல எல்லா அளவும் டிகிரி. இந்த நிலையில ரேடியஸ் பெட்டியில 500னு அடிச்சா அது 500 மீட்டர் இல்ல, 500 டிகிரி, உலகமே 360தான். ஒரு பையன் இப்படி அடிச்சுட்டு "அண்ணா மேப் முழுக்க ஒரே செவப்பா வருது, டேட்டா தப்பா?"ன்னு கேட்டான், டேட்டால ஒரு தப்பும் இல்ல. பெட்டிக்கு பக்கத்துலயே டிகிரியா மீட்டரான்னு போட்டிருக்கும், அடிக்கறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ பாருங்க.

ரீப்ரொஜெக்ட் லேயர்ங்கிற டூல்ல எல்லைய ஈபிஎஸ்ஜி 32644க்கு மாத்துங்க, அதாவது யூடிஎம் 44 வடக்கு (யூடிஎம்ங்கறது உலகத்த 6 டிகிரி மண்டலமா பிரிச்சு மீட்டர்ல அளக்கற முறை). சென்னை 80.27 டிகிரி கிழக்குல இருக்கு, 78லிருந்து 84 வரைக்கும் 44வது மண்டலம். தமிழ்நாட்டுல இது குழப்பமான விஷயம், ஏன்னா 78வது கோடு மாநிலத்துக்கு நடுவுல ஓடுது. கோயம்புத்தூர், திருநெல்வேலி, நாகர்கோவில் எல்லாம் 43ல வரும், அதுக்கு 32643. மதுரையும் சேலமும் மயிரிழைல 44க்குள்ள.

கீழ வலது மூலையில ப்ராஜெக்ட் சிஆர்எஸ்ஸ, அதாவது மேப்போட அளவு முறைய, மாத்திட்டா போதும்னு நெனைக்கறது ரொம்ப சாதாரணமா நடக்குற தப்பு. அது திரையில காட்டுற விதத்த மட்டும் மாத்தும், லேயருக்குள்ள இருக்கிற நம்பர் டிகிரியாவே இருக்கும். லேயரையே மாத்தி புதுசா சேவ் பண்ணணும்.

5. எல்லைக்கு வெளிய கொஞ்சம் சேத்து எறக்குங்க

மாத்தின எல்லைக்கு 1000 மீட்டர் பஃபர், அதாவது சுத்தி வெளிய ஒரு பட்டை, போடுங்க. அந்த பஃபர் லேயரோட எக்ஸ்டென்ட்ட (அத சுத்தி வர்ற செவ்வகத்த) குடுத்து க்விக்ஓஎஸ்எம்ல ஸ்டாப்புங்கள எறக்குங்க. கீ ஹைவே, வேல்யூ பஸ்_ஸ்டாப்.

ஏன் வெளிய சேக்கணும்? எல்லைக்கு 100 மீட்டர் உள்ள ஒருத்தர் நிக்கறார்னு வைங்க, அவர சுத்தி 500 மீட்டர் வட்டத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வெளிய விழும். வெளிய இருக்கிற ஸ்டாப்ப நீங்க எறக்கவே இல்லன்னா அவருக்கு ஸ்டாப் கம்மின்னு மேப் பொய் சொல்லும். ஊரோட ஓரம் பூரா ஒரு வெளிறின வளையம் வரும், பாக்கறவங்க "புறநகர்ல வசதியே இல்ல"ன்னு முடிவு கட்டிடுவாங்க. பஃபர் ரேடியஸவிட பெருசா இருந்தா போதும்.

கிழக்குப் பக்கம் மட்டும் கதை வேற. பெசன்ட் நகர் பீச்சுல நின்னா பாதி வட்டம் கடல், அங்க எண்ணிக்கை குறையறது தப்பு இல்ல, நிஜமாவே அங்க நிக்கறவருக்கு ஒரு பக்கம்தான் ஸ்டாப் இருக்க முடியும். நிலத்து எல்லையில வர்ற வெளிறல் நம்ம டேட்டாவோட குறை, கடலோரத்துல வர்றது எடத்தோட இயல்பு. ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்காதீங்க.

6. கலந்து வந்தத பிரிச்சு சுத்தம் பண்ணுங்க

இங்கதான் நெறைய நேரம் போகும், போகட்டும்.

சில மேப்பருங்க ஸ்டாப்ப பழைய ஹைவே டேக்ல போடாம பப்ளிக் டிரான்ஸ்போர்ட் ப்ளாட்ஃபார்ம்னு மட்டும் போட்டிருப்பாங்க. அதையும் எறக்கலன்னா அந்த ஸ்டாப்பெல்லாம் விட்டுப் போயிடும். ஆனா அந்த டேக்க அப்படியே எறக்கினா ரயில்வே ப்ளாட்ஃபார்மும் மெட்ரோ ப்ளாட்ஃபார்மும் சேந்து வரும், பீச் டு தாம்பரம் லைன் பூரா பஸ் ஸ்டாப்பா மாறிடும். அதனால எறக்கினப்புறம் பஸ் டேக்ல எஸ்னு இருக்கறத மட்டும் வடிகட்டி எடுங்க. ஸ்டாப் பொசிஷன்னு ஒண்ணு இருக்கும், அது பஸ் ரோட்டு மேல நிக்கற புள்ளி, ஆள் நிக்கற எடம் இல்ல, அத எடுத்தா ஒரே ஸ்டாப் ரெண்டு தடவ எண்ணப்படும். விட்டுடுங்க.

அடுத்து வடிவம். க்விக்ஓஎஸ்எம் புள்ளி, கோடு, பாலிகன்னு மூணு லேயரா பிரிச்சு குடுக்கும், புதுசா வர்றவங்க புள்ளி லேயர மட்டும் எடுத்துட்டு மத்தத டெலீட் பண்ணிடுவாங்க. பஸ் ஸ்டாப்புல இதனால பெரிய நஷ்டம் இல்ல, ஆனா ஸ்கூல், ஆஸ்பத்திரி மாதிரி எடுத்தா பெரிசு பெரிசா இருக்கறதெல்லாம் பாலிகனாத்தான் வரைஞ்சிருப்பாங்க, அதெல்லாம் காணாம போயிடும். அதுக்கு பாயிண்ட் ஆன் சர்ஃபேஸ் டூல போட்டு புள்ளியாக்கி, மெர்ஜ் வெக்டர் லேயர்ஸ்ல எல்லாத்தையும் ஒண்ணு சேருங்க. சென்ட்ராய்டும் (நடுப்புள்ளி) போடலாம்தான், ஆனா ப வடிவ கட்டடத்துக்கு சென்ட்ராய்ட் வெளிய முற்றத்துல போய் விழும்.

சேத்த லேயர்ல டெலீட் டூப்ளிகேட்ஸ் பை ஆட்ரிபியூட் டூல ஃபுல்_ஐடி காலத்த வச்சு ஓட்டுங்க, ரெண்டு டேக்கும் இருக்கிற ஸ்டாப் ரெண்டு தடவ வந்திருந்தா ஒண்ணாயிடும். கடைசியா 32644க்கு மாத்தி ஜியோபேக்கேஜ்ல சேவ்.

ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்டாப் தனித்தனியா பதிவாகும்ங்கறத ஞாபகம் வச்சுக்கங்க. மேப்ல ரெண்டுன்னா ஜனங்க வாய்ல ஒரு ஸ்டாப். இத ஒண்ணாக்க முயற்சி பண்ணாதீங்க, எதிரெதிர் ஸ்டாப்புங்க நேருக்கு நேர் இருக்காது, சில எடத்துல நூறு மீட்டர் தள்ளி இருக்கும், தூரத்த வச்சு ஒட்டப் போனா வேற வேற ஸ்டாப்பும் ஒட்டிக்கும். கலர் பிரிக்கும்போது கணக்குல எடுத்துக்கலாம்.

7. ஸ்டைல் ஹீட்மேப் ஒரு பார்வைக்கு மட்டும்

லேயர் ஸ்டைலிங்ல ஹீட்மேப்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அத போட்டு பாருங்க, டேட்டா ஒழுங்கா வந்திருக்கா, எங்கயாவது வினோதமா கொத்து இருக்கான்னு தெரியும். ஆனா அத எக்ஸ்போர்ட் பண்ணி யாருக்கும் குடுக்காதீங்க.

காரணம் ரெண்டு. அதுல ரேடியஸ் சும்மா விட்டா மில்லிமீட்டர்ல இருக்கும், அதாவது திரை மேல மில்லிமீட்டர், ஜூம் பண்ண பண்ண அதே 10 மில்லிமீட்டர் ஒரு தடவ 5 கிலோமீட்டரா இருக்கும், இன்னொரு தடவ 200 மீட்டரா இருக்கும். ரெண்டாவது, மேக்ஸிமம் வேல்யூ ஆட்டோமேடிக்ல இருக்கும், திரையில தெரியறதுல எது அதிகமோ அது அடர் நிறம். தி.நகர்ல இருந்து மணலிக்கு நகர்த்தினா மணலியும் அதே அளவு அடர்த்தியா தெரியும். நிறத்துக்கு நிலையான அர்த்தமே இல்லாத மேப்ப வச்சு ரெண்டு ஏரியாவ ஒப்பிட முடியாது.

8. கெர்னல் டென்சிட்டி டூல ஓட்டுங்க

ப்ராசசிங் டூல்பாக்ஸ்ல இன்டர்பொலேஷன் கீழ ஹீட்மேப் கெர்னல் டென்சிட்டி எஸ்டிமேஷன். இது நிஜமான ராஸ்டர் ஃபைல் குடுக்கும், ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நம்பர்.

ரேடியஸ் 500.

பிக்சல் சைஸ்ஸ மாத்தாம ரன் அமுக்கிடாதீங்க, இத தடிச்ச எழுத்துல எழுதி ஒட்டி வைக்கலாம். டீஃபால்ட் 0.1. மீட்டர் கணக்குல அது 10 சென்டிமீட்டர். சென்னை எல்லை பஃபரோட சேத்து கிட்டத்தட்ட 22க்கு 42 கிலோமீட்டர், 10 சென்டிமீட்டர் பிக்சல்னா 9,000 கோடிக்கு மேல பிக்சல், ஒண்ணுக்கு 4 பைட்னு வச்சாலும் 370 ஜிபி. லேப்டாப் அப்படியே நின்னுடும், பாவம் அதுமேல பழி விழும். 25 மீட்டர்னு குடுத்தா அதே ஏரியா 15 லட்சம் பிக்சல்குள்ள, சுமார் 6 எம்பி, சில நொடில முடிஞ்சிடும். பிக்சல் சைஸ் பக்கத்துல ரோஸ் காலம்ஸ்னு (படுக்கை வரிசை, செங்குத்து வரிசை) ரெண்டு நம்பர் தெரியும், அது ஆயிரக்கணக்குல இருந்தா சரி, லட்சத்துல இருந்தா கைய எடுங்க. பிக்சல் ரேடியஸ்ல இருபதுல ஒரு பங்கு இருந்தா வட்டம் வட்டமாவே தெரியும்.

இப்ப அட்வான்ஸ்ட் பேராமீட்டர்ஸ்ஸ தொறங்க. கெர்னல் ஷேப், அதாவது ஒரு ஸ்டாப்போட மதிப்பு தூரத்தோட எப்படி மாறணும்ங்கறது, க்வார்டிக்னு இருக்கும். க்வார்டிக் பாக்க அழகு, ஸ்டாப்புக்கு நேரா மதிப்பு 1, தள்ளிப் போகப் போக குறைஞ்சு 500 மீட்டர்ல பூஜ்யம். ஆனா அதுல வர்ற 2.37க்கு என்ன அர்த்தம்னு யாராவது கேட்டா சொல்ல பதில் இல்ல. நம்ம கேள்வி "எத்தன ஸ்டாப்" ங்கறதுதான, அதனால யூனிஃபார்ம் வைங்க, அவுட்புட் வேல்யூ ஸ்கேலிங் ராவா இருக்கட்டும். இப்போ ஒவ்வொரு ஸ்டாப்பும் தன்ன சுத்தி 500 மீட்டருக்கு சரியா 1 கூட்டும், பிக்சல்ல 7னு இருந்தா அங்கிருந்து 500 மீட்டருக்குள்ள 7 ஸ்டாப். அவ்வளவு தெளிவு. ஓரம் கொஞ்சம் முரடா வட்டம் வட்டமா தெரியும், அத பத்தி கவலைப்படாதீங்க.

முடிஞ்சதும் ஐடென்டிஃபை டூல எடுத்து ஒரு பிக்சல கிளிக் பண்ணி நம்பர பாருங்க, அதே எடத்துல மெஷர் டூல வச்சு 500 மீட்டர் அளந்து ஸ்டாப்ப கண்ணால எண்ணுங்க. ரெண்டும் ஒத்துப் போனாத்தான் அடுத்த ஸ்டெப்.

9. வெறுமைய பூஜ்யமாக்குங்க, அப்புறம் வெட்டுங்க

எந்த ஸ்டாப்பும் எட்டாத பிக்சல்ல இந்த டூல் 0 போடாது, நோடேட்டான்னு விட்டுடும். நோடேட்டான்னா "தெரியாது", 0ன்னா "தேடினேன், இல்ல". நமக்கு வேண்டியது ரெண்டாவது. ஃபில் நோடேட்டா செல்ஸ் டூல 0 குடுத்து ஓட்டுங்க. ஒரிஜினல் ராஸ்டர அழிக்காதீங்க, 12ல வேணும்.

அப்புறம் க்ளிப் ராஸ்டர் பை மாஸ்க் லேயர், மாஸ்க்குக்கு பஃபர் இல்ல, மாநகராட்சி எல்லை. இங்க நோடேட்டா மதிப்பு -9999னு குடுங்க. குடுக்காம விட்டா எல்லைக்கு வெளிய இருக்கறதும் கடலும் 0ன்னு வந்து, ஸ்டாப் இல்லாத ஏரியாவோட கலந்துடும். வரிசை முக்கியம், மொதல்ல நிரப்பணும், அப்புறம் வெட்டணும். மாத்தி செஞ்சா வெட்டி எறிஞ்ச வெளிப்பக்கமும் திரும்ப 0 ஆயிடும்.

10. கலர்

சிங்கிள்பேண்ட் சூடோகலர், இன்டர்பொலேஷன் டிஸ்க்ரீட். இதுல நீங்க குடுக்கற நம்பர் அந்த வகுப்போட மேல் எல்லை. நான் வைக்கறது 0, 2, 5, 10, அதுக்கு மேல. ரெண்டு பக்க ஸ்டாப் கணக்குல 2 வரைக்கும்ங்கறது ஜனங்க பேச்சுல ஒரே ஒரு ஸ்டாப்.

செவப்பு பச்சை வேண்டாம். ஹீட்மேப்னாலே செவப்புன்னு பழகிட்டோம், ஆனா கவரேஜ் மேப்ல நிறைய இருக்கறது நல்லது, பாக்கறவர் செவப்ப பாத்து ஆபத்துன்னு நெனைப்பார். ஒரே நீலத்துல வெளிர்லிருந்து அடர் வரைக்கும் போதும். பூஜ்யத்துக்கு மட்டும் தனியா ஆரஞ்சு மாதிரி கண்ல படற நிறம். எல்லா டுடோரியல்லயும் பூஜ்யத்த ட்ரான்ஸ்பரன்ட் ஆக்கச் சொல்லுவாங்க, கவரேஜ் மேப்ல நாம தேடறதே அந்த பூஜ்யத்தத்தான், அத மறைச்சா அப்புறம் மேப் எதுக்கு?

11. பூஜ்யம் வந்த எடத்த படிக்கறது

இந்த ஸ்டெப்ப செய்யாம மேப்ப வெளிய விடாதீங்க, நான் இந்த வழிகாட்டிய எழுதறதே இதுக்காகத்தான். ஹீட்மேப் காட்டறது ஸ்டாப் இருக்கற எடத்த இல்ல, யாரோ ஒருத்தர் போய் ஸ்டாப்ப பதிவு பண்ணின எடத்த.

பூஜ்யம் மூணு வகை. கிண்டி தேசியப் பூங்கா நடுவுல பூஜ்யம் வரும், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல வரும், மீனம்பாக்கம் ரன்வேல வரும், அங்கெல்லாம் ஸ்டாப் இருக்கவே கூடாது. ரெண்டாவது, வீடு இருக்கு, ஜனங்க இருக்காங்க, பஸ்ஸே போகாது. மூணாவது, பஸ் போகுது, ஸ்டாப் இருக்கு, மேப்ல ஏறல. ரெண்டாவது வார்டு கூட்டத்துல பேச வேண்டிய விஷயம், மூணாவது ஒரு ஞாயித்துக்கிழமை நாமளே சரி பண்ணிடலாம். மேப்ல ரெண்டும் ஒரே ஆரஞ்சு.

தெற்குல ஒரு பூஜ்யத்த தேடி ஒருநாள் நேர்ல போனேன். ஷெல்டர் கிடையாது, போர்டு கிடையாது, டீக்கடை ஓரமா புங்கமரத்தடியில ஏழெட்டு பேர் நின்னுட்டு இருந்தாங்க, பஸ் வந்தது, நின்னது, ஏறிப் போனாங்க. கடைக்கார அக்காகிட்ட கேட்டா "பல வருஷமா இங்கதான் நிக்கும்"னாங்க. சாட்டிலைட் படத்துல அது ஒரு மரம் மட்டும்தான். அந்த மாதிரி ஸ்டாப்பெல்லாம் நேர்ல போனாத்தான் கிடைக்கும்.

எல்லா எடத்துக்கும் போக முடியாதே, எத மொதல்ல பாக்கறது? அதுக்கு கிரியேட் கிரிட் டூல்ல 1 கிலோமீட்டர் ஹெக்ஸகன் போட்டு, ஓஎஸ்எம்ல ப்ரைமரி, செகண்டரி, டெர்ஷியரி ரோடுகள மட்டும் எறக்கி, 32644க்கு மாத்தி, சம் லைன் லெங்த்ஸ் டூல்ல ஒவ்வொரு ஹெக்ஸகனுக்குள்ள எவ்வளவு நீளம் பெரிய ரோடு இருக்குன்னு கணக்கு எடுங்க. அதுக்கு மேல கவுண்ட் பாயிண்ட்ஸ் இன் பாலிகன். பெரிய ரோடு 1 கிலோமீட்டருக்கு மேல ஓடியும் ஒரு ஸ்டாப் கூட இல்லாத ஹெக்ஸகன் எதுவோ அதான் லிஸ்ட்டுல மொதல். பூங்காவும் சதுப்பு நிலமும் ரோடு இல்லாததால தானா விலகிடும்.

கூட இன்னொரு எச்சரிக்கை, 500 மீட்டர்ங்கறது காக்கா பறக்கற தூரம். பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்டாப் மேப்ல 200 மீட்டரா தெரியும், பாலம் சுத்தி நடந்தா கதையே வேற. அடையாறு, கூவம், ரயில்வே லைன் பக்கத்துல இருக்கிற ஏரியாவுக்கு நெட்வொர்க் அனாலிசிஸ்ல சர்வீஸ் ஏரியா தனியா போட்டு பாக்கணும்.

12. தமிழ்ப் பேர் கவரேஜ்

இது என் மனசுக்கு நெருக்கமான விஷயம். ஸ்டாப் மேப்ல இருக்கும், பேரும் இருக்கும், ஆனா தமிழ்ல இருக்கான்னா அது தனி டேக், நேம்:டிஏ. அது எங்கெல்லாம் இருக்குன்னு இதே டூல வச்சு பாக்கலாம்.

ஸ்டாப் லேயர்ல ஃபீல்ட் கால்குலேட்டர தொறந்து புதுசா ஒரு காலம், தமிழ்ப் பேர் இருந்தா 1, காலியா இருந்தா 0. டைப் இன்டிஜர்னு தேர்ந்தெடுங்க, டெக்ஸ்ட்னு விட்டுட்டா அடுத்த ஸ்டெப்ல லிஸ்ட்லயே வராது. காலம் பேருக்கு நடுவுல கோலன் இருக்கறதால அத ரெட்டை மேற்கோள் குறிக்குள்ள போடணும், ஒத்தை மேற்கோள் போட்டா க்யூஜிஐஎஸ் அத வெறும் வார்த்தையா எடுத்துக்கிட்டு எல்லா வரிக்கும் 1 குடுத்திடும், "ஆஹா நூறு சதவீதம் தமிழ்"னு சந்தோஷப்பட்டு ஏமாறுவீங்க.

அதே கெர்னல் டூல், அதே ரேடியஸ், அதே பிக்சல், வெயிட் ஃப்ரம் ஃபீல்ட்ல மட்டும் இந்த காலம். ஒரே லேயர்லிருந்து வர்றதால புது ராஸ்டரும் பழசும் பிக்சலுக்கு பிக்சல் சரியா உக்காரும். ராஸ்டர் கால்குலேட்டர்ல புதுச பழசால வகுங்க, ரெண்டும் பூஜ்யம் நிரப்பாத ஒரிஜினலா இருக்கணும், இல்லன்னா பூஜ்யத்த பூஜ்யத்தால வகுக்கற நிலை வரும். வர்றது 0லிருந்து 1 வரைக்கும் ஒரு பங்கு.

மொத்தம் ஒரே ஒரு ஸ்டாப் இருக்கற எடத்துல அதுக்கு தமிழ்ப் பேர் இருந்தா பங்கு 1, அதாவது நூறு சதவீதம், இல்லன்னா பூஜ்யம், நடுவுல எதுவும் கிடையாது. அதனால மொத்தம் 4க்கு கம்மியா இருக்கற பிக்சல மேப்ல சாம்பல் நிறமாக்கிடுங்க.

13. வெளிய விடறப்ப

லேஅவுட்ல ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்னு கிரெடிட் போடுங்க, லைசென்ஸ் கேக்குது. டேட்டா எறக்கின தேதிய போடுங்க. லெஜண்ட்ல "அடர்த்தி" ன்னு மொட்டையா எழுதாம "500 மீட்டருக்குள்ள பதிவான ஸ்டாப் எண்ணிக்கை" ன்னு எழுதுங்க, அந்த "பதிவான" ங்கற வார்த்தைய இடம் பத்தலன்னு வெட்டிடாதீங்க.

விட்டுப்போன ஸ்டாப்ப மேப்ல ஏத்தறப்ப கூகுள் மேப்ஸ பாத்து காப்பி அடிக்கக் கூடாது, ஓஎஸ்எம்ல அதுக்கு அனுமதி இல்ல, நேர்ல பாத்ததத்தான் ஏத்தணும். ஏத்தினப்புறம் மறுபடி எறக்கி அதே ரேடியஸ், அதே பிக்சல், அதே கலர் எல்லையோட திரும்ப ஓட்டுங்க, முதல் தடவையே ஸ்டைல க்யூஎம்எல் ஃபைலா சேவ் பண்ணி வச்சிருந்தா கலர் வேலை மிச்சம். பழைய மேப்பையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, நீங்க போய் நின்ன அந்த மரத்தடி ஆரஞ்சுலேர்ந்து நீலமா மாறியிருக்கான்னு பாருங்க.